எங்கள் லைனுக்கு வந்த கணக்குக் குழு

எங்கள் லைனில் வீட்டுக்கு வீடு குடிநீர்க் குழாய் வந்துவிட்டது என்ற செய்தியை நான் பெங்களூரில் ஒரு மேசைக்கு முன்னால் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன். அன்று காலையில்கூட டேங்கர் தண்ணீரை இரண்டு டிரம்மில் பிடித்து மூடி வைத்துவிட்டு, ஓடி வந்து மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்திருந்தேன். பிடித்த கை இன்னும் வலித்துக்கொண்டிருந்தது. காகிதமோ பணி முடிந்தது, தண்ணீர் பாய்கிறது, பயனாளிகள் திருப்தி என்றது.

லைன் என்பது தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் தொழிலாளிகளுக்காகக் கட்டிய வரிசை வீடுகள். சுரங்கம் மூடிய பிறகும் நாங்கள் அதில்தான் இருக்கிறோம். ஒரு கோடியில் அண்ணன் வீடு, மறு கோடியில் என் வீடு. நடுவில் முப்பது வீடுகளுக்கு மேல்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியின் கணக்குப் பிரிவில் பல வருடம் இருந்தேன். கம்பெனி வேறு ஊருக்குப் போனதும், தெரிந்தவர் ஒருவர் மூலமாக எதிர்க்கட்சி எம்.எல்.ஏ. ஒருவரிடம் உதவியாளராகச் சேர்ந்தேன். வடக்கே வறண்ட மாவட்டமொன்றிலிருந்து முதல் தடவையாக ஜெயித்து வந்த வக்கீல் அவர். என்னைவிட எட்டு வயது சின்னவர். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். எங்களுக்குள் பேச்செல்லாம் கன்னடத்தில்தான்.

சட்டமன்றத்தில் கணக்குக் குழு என்று ஒன்று உண்டு. அரசு செலவழித்த பணத்தைத் தணிக்கைக்காரர்கள் சோதித்து அறிக்கை கொடுப்பார்கள். அதைப் பத்தி பத்தியாக எடுத்துவைத்து, துறை அதிகாரிகளைக் கூப்பிட்டு விசாரிப்பது இந்தக் குழு. எல்லாக் கட்சிக்காரர்களும் அதில் உறுப்பினர்கள். தலைவர் நாற்காலி மட்டும் எதிர்க்கட்சிக்கு என்பது வழக்கம். மேடமும் அதில் இருந்தார்.

சபையில் மற்றவர்களைப் போல அவரும் எழுந்து நின்று கத்துவார். அது டிவியில் வரும். குழு அறையில் காமிரா கிடையாது, அங்கே அவர் குரலை உயர்த்தியதே இல்லை என்பார்கள்.

"கத்தினா மந்திரிக்கு வசதி அக்கா. அவரும் கத்திட்டு உட்கார்ந்துடுவார். பதில் சொல்ல வேண்டியதில்லை. சின்னதா ஒரு கேள்வி கேட்டாத்தான் மாட்டுவாங்க" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்.

அந்தச் சின்னக் கேள்விகளுக்கான காகிதங்களைத் தேடி அடுக்குவது என் வேலை. அப்படித்தான் அந்தப் பத்தி என் மேசைக்கு வந்தது. பழைய சுரங்கக் குடியிருப்புகளுக்குக் குடிநீர்க் குழாய் போட ஒதுக்கிய பணத்தை ஒரு துறை மார்ச் மாதக் கடைசி வாரத்தில் மொத்தமாக எடுத்து, வேறொரு கணக்கில் போட்டுவிட்டு, செலவாகிவிட்டது என்று காட்டியிருப்பதாகத் தணிக்கையில் சந்தேகம் எழுப்பியிருந்தார்கள். துறை மறுத்தது. ஆதாரமாக, பணி முடிந்ததற்கு ஊர்க்காரர்கள் கையெழுத்திட்ட சான்றுகளை இணைத்திருந்தது. ஒவ்வொரு லைனுக்கும் ஒரு தாள். ஏழாவது தாள் எங்கள் லைன்.

கீழே இருந்த கையெழுத்தைப் பார்த்ததும் காது இரண்டும் சூடாகிவிட்டன. ஆங்கிலத்தில் எழுதி, கடைசி எழுத்தின் வாலை இழுத்து அடியில் கோடாக்கி, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. என் பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டில் அப்பா ஷிஃப்டுக்குப் போயிருக்கும் நாட்களில் விழுந்த அதே கையெழுத்து. லைன் சங்கத் தலைவர் என்று அதன்கீழ் முத்திரை வேறு. என் அண்ணன்.

அண்ணன் சுரங்கத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். அது மூடிய பிறகு பெங்களூரில் ஒரு தொழிற்சாலைக்குப் போய்வந்து, இப்போது வீட்டோடு இருக்கிறார். சர்ச்சில் காணிக்கைத் தட்டை நம்பி ஒப்படைக்கும் ஆள். டேங்கர் வராவிட்டால் ராபர்ட்சன்பேட்டைக்குப் போய் அதிகாரியின் அறை வாசலில் நிற்பவரும் அவர்தான். அவர் கையெழுத்துக்கு மேலே 'தண்ணீர் பாய்கிறது' என்று கன்னடத்தில் அச்சடித்திருந்தது.

மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, அப்படியே மூடினேன். அந்தத் தாளை அடுக்கின் அடியில் தள்ளிவிட்டு மற்ற லைன்களைப் பற்றிக் கேள்வி தயாரிக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒரு மணி நேரம் அந்த எண்ணத்தோடு உட்கார்ந்திருந்தேன் என்பதை மறைப்பதற்கில்லை. பிறகு தாளை எடுத்துக்கொண்டு மேடத்திடம் போனேன்.

"மேடம், இதில் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருப்பவர் என் கூடப்பிறந்த அண்ணன்."

அவர் தாளைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. "குழாய் இருக்கா?"

"இல்லை."

"ஒண்ணுகூடவா?"

"தெருமுனையில் பள்ளம் தோண்டி, மறுவாரமே மூடினார்கள். அவ்வளவுதான்."

"அண்ணனுக்கு எவ்வளவு கிடைச்சிருக்கும்?"

"அவர் அப்படிப்பட்டவர் இல்லை மேடம்."

"எல்லாருடைய தங்கச்சியும் இதைத்தான் சொல்லுவாங்க அக்கா" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். பிறகு நாற்காலியைக் காட்டினார். "ரெண்டு வழி இருக்கு. இந்தப் பத்தியை விட்டு நீங்க விலகிக்கலாம், நான் வேற ஆளை வச்சுப் பார்த்துக்கறேன். இல்லேன்னா இப்ப சொன்னதை எழுத்தில் கொடுங்க. குழுத் தலைவர்கிட்ட காட்டறேன். அவர் சரின்னா வேலை செய்யுங்க. ஆனா எதுவானாலும் அண்ணன்கிட்ட இதைப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது."

எழுத்தில் கொடுத்தேன். அரைப் பக்கம் எழுத எனக்கு அவ்வளவு நேரம் வேறெப்போதும் ஆனதில்லை. குழுத் தலைவர் படித்துவிட்டு, அண்ணன் சம்பந்தப்பட்ட தாளை மட்டும் நான் தொடக் கூடாது, மற்றதைச் செய்யலாம் என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினார்.

அடுத்த சில வாரங்கள் நான் அண்ணன் வீட்டுப் பக்கம் போவதைக் குறைத்தேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வெளியே வரும்போது அவர் பட்டா விஷயம் பேசுவார். குடியிருக்கும் வீட்டுக்குச் சொந்தப் பத்திரம் வேண்டும் என்று எல்லா லைன்காரர்களும் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தத் தடவை வந்துவிடும் போலிருக்கிறது என்பார். நான் தலையாட்டிவிட்டு நடையை எட்டிப்போடுவேன்.

துறையின் பதில்கள் ஒன்றுக்கொன்று முரணாக இருந்ததால், நேரில் போய்ப் பார்ப்பது என்று குழு முடிவு செய்தது. அறிவிப்பு போன நான்காம் நாள் எங்கள் லைனுக்கு ஒரு டிராக்டர் வந்தது. ஆட்கள் இறங்கி, முதல் பத்து வீடுகளின் சுவரில் ஆணியடித்துக் குழாய் பொருத்தினார்கள். குழாயிலிருந்து ஒரு முழ நீளத்துக்குப் பைப் இறங்கி மண்ணுக்குள் போயிற்று. போன இடத்தில் எதனோடும் சேரவில்லை. சேர்வதற்குக் கீழே எதுவும் இல்லை.

அன்று சாயங்காலம் நான் ஸ்டேஷனிலிருந்து நடந்து வரும்போது அண்ணன் தன் வீட்டுச் சுவருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"பாத்தியா, இன்னா வேல செஞ்சுட்டுப் போயிருக்கானுங்கன்னு?" என்று புதுக் குழாயைத் திருகினார். காற்றுகூட வரவில்லை. ஒரு கட்டெறும்பு வெளியே வந்து குழாய் வாயைச் சுற்றிவிட்டு மறுபடி உள்ளே போயிற்று.

நான் பையைத் தோள் மாற்றிக்கொண்டேன்.

"வர்ற கமிட்டில உங்க மேடமும் கீறாங்களா?"

"ஆமாண்ணா."

"நீயும் வருவியா?"

"வருவேன்."

"எனக்கு எதனா சொல்லணுமா நீ?"

"நான் ஒண்ணும் சொல்லக்கூடாதுண்ணா."

அவர் குழாயைத் திருகி மூடினார். "சொல்லக்கூடாதுன்னா, சொல்றதுக்கு இன்னாவோ கீது" என்று தனக்குத்தானே சொன்னதுபோலச் சொல்லிவிட்டு உள்ளே போனார். மறுநாள் ஆளுங்கட்சியின் வார்டு ஆள் ஒருவர் அவர் வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டுப் போனதாக அண்ணனுக்கு எதிர்வீட்டு அக்கா சொன்னார். பத்திரம் கொடுக்கும் பட்டியலில் எங்கள் லைன் மேலே இருப்பதாகவும், வாயைத் திறந்தால் கீழே போய்விடும் என்றும் அந்த வார்டு ஆள் ஜாடையாகச் சொன்னாராம். அது லைன் முழுக்கப் பரவிவிட்டது. ஆளாளுக்கு அண்ணனிடம் வந்து, "குழாய் கீது, தண்ணி வருதுன்னு சொல்லிட்டுப் போயேன்பா, இன்னா கொறஞ்சிடப் போவுது" என்றார்கள்.

குழு வந்த நாளில் காற்று பலமாக இருந்தது. சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டிலிருந்து மண் பறந்து வந்து, வேனிலிருந்து இறங்கிய உறுப்பினர்களின் வெள்ளைச் சட்டையெல்லாம் மங்கிவிட்டது. துறையின் ஜூனியர் இன்ஜினியர் முன்னால் நடந்து ஒவ்வொரு குழாயையும் கைகாட்டினார். ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர், "குழாய் இருக்கு, ஊர்க்காரர் கையெழுத்து இருக்கு. இன்னும் என்ன வேணும்?" என்று கேட்டார்.

மேடம் ஒரு குழாயைத் திறக்கக் கையை நீட்டினார். எதிர்வீட்டு அக்கா கூட்டத்திலிருந்து, "அத்தத் திருவாதீங்கம்மா, கையோட வந்துடும்!" என்று கத்தினார். சிரிப்பு எழுந்தது. குழாய் வந்தும்விட்டது, ஆணியோடும் கொஞ்சம் சுண்ணாம்போடும்.

இன்ஜினியர் அவசரமாக ஃபைலைத் திறந்தார். "தொழில்நுட்பக் கோளாறு சார். ஆனா வேலை முடிஞ்சதுக்குச் சங்கத் தலைவரே கையெழுத்துப் போட்டிருக்கார். இதோ நிக்கிறார்."

குழுத் தலைவர் அண்ணனைக் கூப்பிட்டார். அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றார். நான் மேடத்துக்குப் பின்னால், மூன்றடி தூரத்தில். அண்ணன் என்னைப் பார்க்கவே இல்லை. "இது உங்கள் கையெழுத்தா?" என்று தலைவர் கன்னடத்தில் கேட்டார். அண்ணன் கன்னடத்தில் ஆரம்பித்தார். இரண்டு வார்த்தைக்குப் பிறகு நிறுத்திவிட்டார். சந்தையிலும் பஸ்ஸிலும் சரளமாக வரும் கன்னடம் அன்றைக்கு வரவில்லை. தமிழுக்கு மாறிவிட்டார்.

"கையெழுத்து என்னுதுதான் சார். பைப்பு கெடையாது. மார்ச் முடியறதுக்குள்ள கணக்கு முடிக்கலன்னா துட்டு வாபஸ் போயிடும், கையெழுத்துப் போடுங்க, அடுத்த மாசமே வேல ஆரம்பிச்சிடலாம்னு இந்த இன்ஜினியரு சொன்னாரு. லைனுக்குத் தண்ணி வரட்டும்னு போட்டேன். ஒத்த ரூபா வாங்கல. ஆனா தெரிஞ்சுதான் போட்டேன். படிக்காம போட்டேன்னு பொய் சொல்ல மாட்டேன்."

தலைவருக்குத் தமிழ் தெரியாது. இன்ஜினியர் முந்திக்கொண்டார். "வேலை கொஞ்சம் தாமதமாச்சு, பொதுமக்கள் ஒத்துழைப்போட நடந்துட்டிருக்குன்னு சொல்றார் சார்."

மேடத்துக்கும் தமிழ் தெரியாது. சுருக்கெழுத்துக்காரர் எழுத ஆரம்பித்தார். கூட்டத்தில் இருந்தவர்கள் எல்லாருக்கும் இரண்டு மொழியும் தெரியும். பத்திரத்தை நினைத்தோ என்னவோ, யாரும் வாய் திறக்கவில்லை. அண்ணன் தாளை நான் தொடக் கூடாது என்று எழுதி வைத்திருந்தது ஞாபகம் வந்தது. இது தாள் இல்லை என்றும் தோன்றியது.

"அவர் அப்படிச் சொல்லவில்லை" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். "சார், இந்தம்மா அவருடைய தங்கச்சி! இதே லைன்!" என்றார் இன்ஜினியர்.

"தெரியும். எழுத்தில் கொடுத்திருக்காங்க" என்றார் தலைவர். பிறகு என்னிடம், "சொல்லுங்கம்மா."

சொன்னேன். ஒவ்வொரு வாக்கியமாகக் கன்னடத்தில் சொன்னேன். 'ஒத்த ரூபா வாங்கல' என்பது வரைக்கும் சிரமமில்லை. அடுத்த வாக்கியத்தை விட்டுவிட்டால் அண்ணன் ஏமாந்த மனிதராகத் தப்பித்துக்கொள்வார். தெரிந்துதான் போட்டேன் என்பதைச் சேர்த்தால் அவரும் பொறுப்பாளி. அவர் சொன்னார் அல்லவா, அதனால் அதையும் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்காததுபோல் இருந்ததால் இன்னொருமுறை சத்தமாகச் சொன்னேன்.

தலைவர் குழுவைப் பார்த்து, "இங்கே வேறு யாருக்குத் தமிழ் தெரியும்?" என்று கேட்டார். இன்னும் என்ன வேணும் என்று கேட்ட அதே ஆளுங்கட்சி உறுப்பினர் கொஞ்சம் தயங்கிக் கையைத் தூக்கினார். பெங்களூரில் தமிழர்கள் நிறைந்த தொகுதி அவருடையது.

"அந்தம்மா சொன்னது சரி. ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை" என்றார்.

அவர் நினைத்திருந்தால் சும்மா இருந்திருக்கலாம். சுருக்கெழுத்துக்காரர் முன்பு எழுதியதை அடித்துவிட்டுத் திருத்தி எழுதினார்.

வேன் போனதும் அண்ணி என்னிடம் வந்தார். "கூடப் பொறந்தவன இத்தன பேரு முன்னாடி கன்னடத்துல காட்டிக் குடுத்துட்டியே. அவருதான் சொன்னாரு, நீ அத்த முழுங்கியிருக்கக் கூடாதா?" என்றார். அந்த வாரமே அண்ணன் சங்கத் தலைவர் பதவியை விட்டார். என்னோடு பேசுவதையும் விட்டார். சர்ச்சில் மூன்று வரிசை தள்ளி உட்கார்ந்தார். லைனில் சிலர் என் டிரம்மை டேங்கர் வரிசையில் பின்னால் நகர்த்தி வைத்தார்கள். நான் மறுபடி முன்னால் இழுத்து வைத்துவிட்டு ரயிலுக்குப் போனேன். பங்காருபேட்டை வரும்வரை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்த நாட்கள் உண்டு. ஆனால் ஒரு நாளும் வேலைக்குப் போகாமல் இருக்கவில்லை.

விசாரணை நடக்கும் அறைக்குள் எங்களைப் போன்ற உதவியாளர்களை விடமாட்டார்கள். வெளியே வராந்தாவில் பெஞ்சு. உள்ளே நடந்ததை அறிக்கை வெளியான பிறகுதான் படித்தேன். மேடம் மூன்று கேள்விதான் கேட்டிருந்தார். அந்தப் பணம் இன்றைக்கு எங்கே இருக்கிறது? அதன் வட்டி யார் கணக்கில் சேர்கிறது? இந்த லைனில் எந்தத் தேதியில் தண்ணீர் வந்தது? துறைச் செயலாளர் அவகாசம் கேட்டார். எத்தனை நாள் என்று மேடம் கேட்டு, அதைப் பதிவு செய்ய வைத்தார். அடுத்த அமர்வில் ஒரு கட்டு விளக்கம் கொண்டுவந்தார்கள். மேடம் அதைப் பிரிக்காமலே அதே மூன்று கேள்வியைக் கேட்டார். மூன்றாவது அமர்வில் செயலாளர், வேலை நடக்கவில்லை, பணம் வைப்புக் கணக்கில் அப்படியே இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்.

அறிக்கை சபைக்கு வந்த நாளில் மந்திரி எழுந்து, உங்கள் ஆட்சியிலும் மார்ச் மாதத்தில் இப்படித்தான் செய்தீர்கள் என்றார். எங்கள் பக்கம் கூச்சல் எழுந்தது. மேடம் கத்தவில்லை.

"செய்திருப்போம். அந்த வருடங்களையும் எடுங்கள். குழுவில் நானே கேட்கிறேன்" என்றார்.

கேலரியில் உட்கார்ந்திருந்த நான் நிமிர்ந்துவிட்டேன். சொந்தக் கட்சித் தலைவர்கள் அன்று மதியம் அவரைக் கூப்பிட்டு நன்றாகவே திட்டினார்கள். திரும்பி வந்தவர் முகம் கழுவிக்கொண்டு, "அந்த வருஷத்து அறிக்கைகளைத் தேடி எடுங்க அக்கா" என்றார். எடுத்தேன். அதில் எங்கள் கட்சி ஆட்சியில் செய்ததும் நிறைய இருந்தது.

பணம் கருவூலத்துக்குத் திரும்பியது. அடுத்த பட்ஜெட்டில் அதே வேலைக்கு மறுபடி ஒதுக்க வேண்டியிருந்தது. துறைகள் செலவுக்குப் பணம் கேட்கும் மானியக் கோரிக்கைப் புத்தகத்தில் அந்த வரி இருக்கிறதா என்று மேடம் விரலை வைத்துப் பார்த்து, இல்லை என்று தெரிந்ததும் துறையின் ஒதுக்கீட்டைக் குறைக்கக் கோரும் வெட்டுத் தீர்மானம் கொடுத்து, திருத்திச் சேர்க்க வைத்தார். ஜூனியர் இன்ஜினியருக்கு மாற்றல் வந்தது. அவரைக் கையெழுத்து வாங்கச் சொன்னவர்கள் மீது விசாரணை இன்னும் நடந்துகொண்டே இருக்கிறது. எங்கள் லைனில் நிஜமாகவே பைப் போட்டார்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் தண்ணீர் வருகிறது. மேட்டுப்பக்கம் இருக்கும் கடைசி வீடுகளுக்கு நூல்போலத்தான் வரும். என் வீடும் அதில் ஒன்று. வீட்டுப் பத்திரம் இன்னும் வரவில்லை. வாயைத் திறக்காத லைன்களுக்கும் வரவில்லை.

பைப் வந்து இரண்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணன் என் வீட்டுக்குள் வந்தார். கூப்பிடாமல், கதவைத் தட்டாமல், பழையபடி. கையில் ஒரு நோட்டு. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மற்ற லைன்களுக்குப் போய், யார் யார் எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டார்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதி வைத்திருந்தார். குழாய் மட்டுமில்லை. கழிப்பறை, தெருவிளக்கு, சாக்கடை மூடி.

"நான் போட்டேன்னு மொதல்ல சொல்லிட்டு, அப்பறம் நீ போட்டியான்னு கேட்டேன். சொல்லிட்டானுங்க" என்றார். "இத்த உங்க மேடம் கையில குடு."

"என் கையில வாங்க மாட்டேண்ணா."

"இன்னாடி இது?"

"குழுத் தலைவருக்கு மனுவா எழுதித் தபால்ல போடு. உறுப்பினர்களுக்கு நகல் அனுப்பு. கையெழுத்துப் போட்டவங்க எல்லாரும் பேரு போடணும்."

"உனக்குத் தெரியாத மாதிரியே இருந்துக்கப் போறியா?"

"ஆமா."

அவர் என்னை முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார். "சரியான கல்லு நீ" என்று சொல்லிக்கொண்டே என் பேனாவை எடுத்து, வேலை செய்கிறதா என்று நோட்டின் மூலையில் கிறுக்கிப் பார்த்தார்.

மனு எழுதுவதற்கு மறுவாரம் சர்ச் ஹாலில் எட்டுப் பேர் உட்கார்ந்தார்கள். நான் போகவில்லை. எதிர்வீட்டு அக்காதான் வந்து சொன்னார். ஓய்வுபெற்ற கிளார்க் ஒருவர் 'தாழ்மையுடன் மன்றாடுகிறோம்' என்று ஆரம்பித்தாராம். அண்ணன் அதை அடிக்கச் சொன்னாராம். "மன்றாட இன்னாத்துக்கு? கணக்கு கேக்கறோம்னு எழுது" என்றாராம். அதற்கு அரைமணி நேரம் சண்டையாம்.

பத்து நாள் கழித்து அந்த மனுவின் நகல் எங்கள் அலுவலகத்துக்கு, மற்ற தபால்களோடு வந்தது. பிரித்தேன். அண்ணன் கையெழுத்து முதலில் இருந்தது. அதன் கீழே பன்னிரண்டு பேர். வரிசை எண் போட்டு, தேதி முத்திரை குத்தி, அதற்கு முன்னால் வந்த கடிதத்துக்குக் கீழே வைத்தேன். கூடவே அரைப் பக்கம் எழுதினேன், முதலில் கையெழுத்திட்டிருப்பவர் என் அண்ணன் என்று.